பேரல் வால்ட்: பீப்பாயா, கூண்டா?

> சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் தூய மேரி ஆலயத்துக்குச் சிறு கையேடு எழுதுகிறேன். 'பேரல் வால்ட்' என்ற கூரைக்குப் 'பீப்பாய்க் கவிகை' என்று போட்டிருக்கிறேன். சரியா?

ஐயா, வணக்கம்.

பீப்பாயும் இடிக்கிறது, கவிகையும் இடிக்கிறது. கவிகை என்றால் குடை. குடை எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இறங்கும். எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க் என்ற தேவாலயத்தில் 16 தூண்களின் மேல் வட்டமான குவிமாடம் நிற்கிறதே, அதைக் கவிகை என்றால் ஒத்துக்கொள்வேன். கோட்டை ஆலயத்தில் வளைவு இரண்டு பக்கம் மட்டுமே இறங்கி, நீளவாக்கில் ஓடுகிறது. அப்படி மூன்று, ஒட்டி ஒட்டி.

பீப்பாய் என்றதும் என் பேத்திக்கு மொட்டைமாடி நீல டிரம்தான் நினைவுக்கு வரும். அதைப் படுக்கவைத்து, நெடுக அறுத்து, கவிழ்த்துப் பார்க்கச் சொன்னால் கையேட்டை மூடிவிடுவாள்.

நம்மிடம்தான் கூண்டு வண்டி இருக்கிறதே! மூங்கிலை வளைத்துப் பாய் போட்ட அந்தக் கூண்டின் உள்ளே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். ஆங்கிலத்திலும் இதற்கு 'வேகன் வால்ட்' என்று இன்னொரு பெயர் உண்டு. மாமல்லபுரத்துப் பீம ரதத்தின் உச்சியும் இதே வடிவம்தான். ஆகவே 'கூண்டுக்கூரை' என் பரிந்துரை.

---

கூண்டு சரி, அண்ணா. 'கூரை'தான் உறுத்துகிறது. பீம ரதம் ஒரே பாறையில் குடைந்தது. அங்கே வளைவு வெறும் உருவம், பாரம் தாங்கும் வேலை அதற்கு இல்லை. வண்டிக் கூண்டும் பாயைத்தான் தாங்குகிறது. கோட்டையில் கதை வேறு. 1678 மார்ச் 25இல் வேலை தொடங்கியபோதே, பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்பது கணக்கு. மரக்கூரை தீப்பிடிக்கும். அதனால் செங்கல்லும் சுண்ணாம்புமாக 2 அடி கனத்தில் வளைத்துக் கட்டினார்கள். அவ்வளவு கனம் கீழே மட்டும் அழுத்தாது, பக்கவாட்டிலும் தள்ளும். அந்தத் தள்ளலுக்கு எதிராகத்தான் வெளிச்சுவர் 4 அடி. 1680 அக்டோபர் 28இல் பிரதிஷ்டை ஆனது. 1758 டிசம்பரில் லல்லியின் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டது. அதையும் கடந்து கட்டடம் இன்றும் நிற்கிறது. (ராபர்ட் கிளைவ் கல்யாணம் நடந்த இடம் என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுகிற வழிகாட்டிகள்மேல் எனக்குப் பழைய கோபம் உண்டு.)

கூரை என்றால் மேலே மூடியது, அவ்வளவுதான். வளைவு என்றால் தாங்குவதும் தள்ளுவதும் அதற்குள் வந்துவிடும். ஆர்ச்சுக்கு ஏற்கெனவே வளைவு என்றுதான் சொல்கிறோம். அதை நீட்டினால் இது. 'கூண்டு வளைவு' என்று வைப்போமா?

---

வைக்கலாம், தம்பி. கூரையை விட்டுக்கொடுக்கிறேன். கிளிக்கூண்டு என்று யாரும் குழம்பாமல் இருக்க, முதல் இடத்தில் மட்டும் 'வண்டிக் கூண்டு வளைவு' என்று முழுசாகப் போடச் சொல்லுங்கள்.

---

இருவருக்கும் நன்றி. மாற்றிவிட்டேன். நடுவில் இருக்கும் 'நேவ்', இருபுறமும் ஓடும் 'ஐல்' இரண்டுக்கும் கூடம், தாழ்வாரம் என்று எழுதியிருக்கிறேன். தாழ்வாரம் என்றால் வீட்டு முற்றத்தைச் சுற்றி இருப்பதல்லவா என்று என் மனைவி கேட்கிறாள். அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.