ஜெயித்த அன்று ராத்திரி ஏன் வெறுமை? அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

அல்சூர் ரன்னர்:
400 மீட்டர் ஓடுகிறேன். போன வருஷம் பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியத்தில் தங்கம் வாங்கினேன். அன்று ராத்திரி ரூமில் ஸ்பைக்ஸைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தேன். ஒன்பது வருஷம் காலை நாலரைக்கு எழுந்தது இதுக்குத்தானா என்று அழுகை வந்தது. அப்புறம் நண்பன் ஒருவன் சிவாஜிநகர் மரியன்னை பசிலிக்காவுக்குக் கூட்டிப்போனான். தமிழ்ப் பூசையில் பின்வரிசையில் உட்கார்ந்தேன். என் டைமிங்கை யாரும் கேட்கவில்லை. இப்போது இயேசுவை நம்புகிறேன். அம்மா தினமும் மாரியம்மனுக்கு விளக்கேற்றுபவர். இதை எப்படிச் சொல்ல?

ஊட்டிக்காரர்:
தம்பி, சி.டி. ஸ்டட் கதை தெரியுமா? 1882 ஓவல் கிரிக்கெட் டெஸ்ட்டில் இங்கிலாந்துக்கு ஆடியவர். அவருடைய அண்ணன் சாகக் கிடந்தபோது, இந்தப் புகழால் என்ன பயன் என்று உறைத்தது. 1885-ல் சீனாவுக்கு மிஷனரியாகப் போனார். பிற்பாடு எங்கள் ஊட்டியிலும் போதகராக இருந்தார்.

மர்ஃபி டவுன் அக்கா:
அம்மா சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருக்கும்போது நேரில் சொல்லுப்பா, போனில் வேண்டாம். அவங்க சாமியைக் குறைச்சு ஒரு வார்த்தை பேசாதே. நான் சொன்னப்போ எங்கம்மா மூணு மாசம் பேசலை. ஆனா தட்டில் சோறு வைக்கத் தவறலை.

ஊட்டிக்காரர்:
ஓட்டத்தையும் விட்டுவிடாதே. ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடெல், ஞாயிறு கர்த்தருடைய நாள் என்பதால் 100 மீட்டரை விட்டார். ஆனால் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் உன் 400-ல்தான் தங்கம் வாங்கினார்.

அல்சூர் ரன்னர்:
நன்றி அக்கா, அண்ணா. இந்த சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன். மெடலை அம்மா கையிலேயே கொடுக்கப்போகிறேன்.