கூகை படம் எல்லாம் புகை மூட்டமா வருது, லென்ஸ் போச்சா? உதவி பண்ணுங்க

செம்பனைப்பொண்ணு:
வணக்கம். மலேசியாவுல பகாவ் பக்கத்துல ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துல இருக்கேன். எங்க லயத்துக்குப் பின்னாடி எலி புடிக்கறதுக்காக கம்பத்து மேல பொட்டி வச்சிருக்காங்க, அதுல ஒரு ஜோடி கூகை ஆந்தை குடியிருக்கு. 25 வருச மரம், அடுத்த மாசம் அந்த கட்டத்தையே வெட்டிட்டு மறுநடவு பண்ணப் போறாங்க. அப்பா பழம் வெட்டுன கட்டம் அது, அதுக்குள்ள ஒரு நல்ல படம் எடுத்துடணும்னு ரெண்டு வாரமா இந்த டிசம்பர் மழையில அலையறேன். சாயங்காலம் 7 மணிக்கு ரூம்லேர்ந்து கேமராவ தூக்கிட்டு ஓடுறேன், வர்றதெல்லாம் வெள்ளையா புகை அடிச்ச மாதிரி, கண்ணே தெரியல. டவுன் கடையில பூஞ்சை புடிச்சிருச்சு, கழுவ 300 வெள்ளி (ரிங்கிட்)னு சொல்றாங்க. குடுக்கலாமா?

லென்ஸ்மாமா:
காச குடுத்துடாதம்மா. ரூம்ல ஏர்கோன் ஓடுதா? முதல் படமும் அரை மணி கழிச்சு எடுத்ததும் பக்கத்துல வச்சு பாரு. பூஞ்சைனா ரெண்டும் ஒரே மாதிரி தான் இருக்கும்.

செம்பனைப்பொண்ணு:
ஆமா மாமா! ஏர்கோன் ரூம் தான். கடைசி படங்கள்ல பொட்டியோட ஆணி கூட தெரியுது, ஆனா அதுக்குள்ள கூகை பறந்துடுது.

லென்ஸ்மாமா:
அப்போ லென்ஸ் நல்லா தான் இருக்கு. தே ஓ ஐஸ் (ஐஸ் போட்ட கட்டஞ்சாயா) கிளாஸ் வெளிய வேர்க்குதுல்ல, அதே தான், சில்லுனு இருக்கற கண்ணாடில ஈரக்காத்து பட்டு தண்ணியா படியுது. 6 மணிக்கே கேமராவ பிளாஸ்டிக் பையில காத்து போகாம கட்டி வெளி வராந்தாவுல வச்சிடு, முக்கால் மணி கழிச்சு தான் பையப் பிரிக்கணும். சட்டையால மட்டும் துடைச்சிடாத.

பனிநாட்டுக்காரன்:
நானும் பகாவ்ல பொறந்தவன் தான், இப்ப டொரோண்டோ பக்கம். இங்க குளிர்காலத்துல பனி ஆந்தை வடக்கேர்ந்து எறங்கி பட்டப்பகல்லயே வயல்ல தரையில உக்காந்திருக்கும், அத எடுக்கப் போனா எனக்கு உங்க கதை தலைகீழா நடக்கும்: வெளிய ஒண்ணும் ஆகாது, வீட்டுக்குள்ள வந்ததும் கேமரா வேர்த்துடும். அதனால வெளியிலயே பையில கட்டிட்டு தான் உள்ள வருவேன். பேட்டரி குளிர்ல சீக்கிரம் செத்துடும், ஒண்ணு சட்டை உள்பாக்கெட்லயே இருக்கும்.

தோட்டத்துஅண்ணன்:
தங்கச்சி, ஒண்ணு சொல்றேன். பொட்டி உள்ள குஞ்சு சீறற சத்தம் கேட்டா கிட்டப் போகாத, பெருசுங்க எலியோட வந்து தயங்கி நிக்கும். பிளாஷ் வேணாம், டார்ச் மூஞ்சில அடிக்காத, கத்தற சத்தத்த போன்ல போட்டு கூப்புடவும் கூடாது. தூரமா ஸ்டாண்ட் போட்டு வெளிச்சம் இருக்கறப்பவே பொட்டி வாசல்ல கையால போகஸ் வச்சிட்டு சும்மா உக்காரு, அது தானா வரும். குஞ்சு இருந்தா அதுங்க பறக்கற வரைக்கும் பொட்டிய தொடாம விட முடியுமானு தோட்டத்து மேற்பார்வை மண்டோர்கிட்ட கேளும்மா.

செம்பனைப்பொண்ணு:
அண்ணே, மாமா, கிடைச்சிருச்சு! பையில கட்டி வச்சேன், ஒரு பொட்டு ஈரம் இல்ல. பாங்கு சொல்லி பத்து நிமிஷத்துல வாசல்ல வந்து நின்னுச்சு, இதய வடிவ மூஞ்சி, நெஞ்சுல மிளகு தூவுன மாதிரி புள்ளிங்க, எண்ணிடலாம் போல. கம்பத்தடியில எலி முடியும் குட்டி எலும்புமா கக்கி வச்ச உருண்டைங்க கெடந்துச்சு, அதையும் எடுத்தேன். அப்பா ஹேண்ட்போன்ல பெருசாக்கி பெருசாக்கி பாத்துட்டு இருக்காரு. உள்ள குஞ்சு சத்தம் கேக்குது. மண்டோர்கிட்ட சொல்லிருக்கேன், மேல கேட்டு சொல்றேன்னாரு, நாளைக்கு காலையில திரும்ப அவர்கிட்ட போய் நிக்கப் போறேன்.