ஆர்.ஓ. மெம்பிரேன் மாற்றியும் டி.டி.எஸ். இறங்கவில்லை, வழி சொல்லுங்கள்

எங்களுடையது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) லிட்டருக்கு 1,400 மி.கி. எவர்சில்வர் குடம் ஒரே வாரத்தில் வெள்ளை பூத்துவிடும். ஆர்.ஓ. வடிகட்டியில் போன வருடம் 70 வந்தது. இப்போது புது மெம்பிரேன் (உப்பைப் பிரிக்கும் சவ்வு) போட்டும் 240.

காலையில் பிடிக்கும் முதல் டம்ளரில் 310 காட்டுகிறது. இரவெல்லாம் ஓடாமல் நின்றால் உப்பு மெம்பிரேனைத் தாண்டிக் கசியும். அது இயல்புதான், இரண்டு லிட்டர் விட்டால் இறங்கிவிடுகிறது. என் சந்தேகம் டி.டி.எஸ். கன்ட்ரோலர் மேல். வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலக்கும் அந்தச் சின்னத் திருகை, சுவைக்காக என்று மெக்கானிக் திறந்துவிட்டுப் போனாரோ? முழுவதும் மூடிப் பார்க்கலாமா? இல்லை, தண்ணீரை மெம்பிரேனுக்குள் தள்ளும் பூஸ்டர் பம்பில் அழுத்தம் குறைந்திருக்குமா? வீட்டிலேயே அதை அளந்தவர்கள் எப்படி என்று சொல்லுங்கள்.

புது இயந்திரம் வாங்கச் சொல்லாதீர்கள். மெக்கானிக் ஏற்கெனவே மூன்று முறை சொல்லிவிட்டார்.