தேவிகுளம் பனியில் பழைய ஸ்பிட்ஃபயர்: வாரம் ஒரு ஸ்டார்ட்டா, மார்ச் வரை தூக்கமா?

தேவிகுளத்தான்
வண்டி ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3, பழைய பிரிட்டிஷ் திறந்த கார். 1296 சிசி, இரட்டை எஸ்யூ கார்பரேட்டர். டிங்கர் வேலையும் பெயின்டும் முடிந்துவிட்டன. தகரக் கூரை போட்ட ஷெட்டில் நிற்கிறது. மூன்று பக்கம் சுவர், தரை வெறும் சிமென்ட். செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட் பக்கம் புல் வெளுத்துக் கிடக்கிற நாட்களில் இங்கேயும் விடியற்காலை பூஜ்யத்தைத் தொடும். இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். வாரம் ஒருமுறை பத்து நிமிஷம் ஓடவிட்டு அணைத்தால் போதும் என்பது ஒன்று. கனடாக்காரர்கள் மாதிரி எல்லாம் கட்டிவைத்துவிட்டு மார்ச் வரை தொடாதே என்பது இன்னொன்று. எதைச் செய்வது? காரணத்தோடு சொல்லுங்கள்.

மறையூர் வேல்
கனடா முறை இங்கே வேண்டவே வேண்டாம். அங்கே -30, இங்கே எவ்வளவு கீழே போனாலும் -2, -3. அதுவும் விடியும் முன் இரண்டு மூன்று மணி நேரம். வெயில் ஏறினால் 20 டிகிரி. நம் மலையில் வண்டியைக் கெடுப்பது நிறுத்திவைப்பதுதான். கிளட்ச் பிளேட் பிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். வீல் சிலிண்டர் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் விறைத்துப்போகும். கார்பரேட்டர் ஜெட்டின் ரப்பர் சீல் காய்ந்து ஒழுகும். வாரம் ஒருமுறை பத்து நிமிஷம் ஓடவிடுங்கள், இதில் ஒன்றும் வராது.

வின்னிபெக்வாசி
வேல் அண்ணே, நீங்கள் சொன்ன கோளாறுகள் எல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பத்து நிமிஷம் இதில் எல்லாவற்றையும் தீர்க்காது. நின்ற இடத்தில் ஓடினால் பிரேக் பிஸ்டன் அசையாது, டயரும் உருளாது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. சைலன்சர் முழுக்கச் சூடாகியிருந்தால் அது வெளியே போய்விடும். பத்து நிமிஷத்தில் சைலன்சரின் பின்பாதி கைவைத்துப் பார்த்தால் வெதுவெதுப்புதான். உள்ளே படிகிற தண்ணீர் அங்கேயே நின்று உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளக்க, அடிப்பக்கம் ஊசித் துளை விழுவது இப்படித்தான். பிஸ்டனைத் தாண்டி இறங்குகிற ஆவி எஞ்சின் அடியில் ஆயில் நிற்கிற சம்ப்பில் குளிர்ந்து ஆயிலோடு கலக்கும். டேப்பட் கவர் மூடியைத் திறந்தால் மோர் மாதிரி வெளுத்துப் படிந்திருக்கிறதே, அதுதான். சோக்கை இழுத்து ஓட்டும்போது எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும். ஆயில் 80 டிகிரி தாண்டி இருபது முப்பது நிமிஷமாவது ஓடினால்தான் உள்ளே சேர்ந்த ஈரம் வெளியேறும். அதற்கு வண்டி ரோட்டில் ஓட வேண்டும். முடியாது என்றால் ஸ்டார்ட்டே பண்ணாதீர்கள்.

மறையூர் வேல்
சரி, பத்து நிமிஷத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஓட்டுவதை விடமாட்டேன். வின்னிபெக்கில் பனியை உருக்க ரோடு முழுக்க உப்பு, அதனால் நவம்பரில் பூட்டி ஏப்ரலில் திறக்கிறீர்கள். இங்கே தேசிய நெடுஞ்சாலை 85-ல் யாரும் உப்புப் போடுவதில்லை. ஜனவரிப் பகலில் ரோடு காய்ந்து கிடக்கும். ஆண்டிலேயே திறந்த காரை ஓட்ட ஏற்ற மாதம் அதுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையில் நிறுத்துங்கள், அது நியாயம். பனிக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, காலை பத்து மணிக்குமேல் எடுத்து, லாக்ஹார்ட் கேப் வழியாகப் பூப்பாறை வரை போய்வரட்டும்.

வின்னிபெக்வாசி
உப்பைப் பற்றிச் சொன்னது சரிதான். இங்கே தெளிக்கிற கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு எல்லாம் காற்று ஈரப்பதம் முப்பது சதவீதத்தைத் தாண்டினாலே ஈரத்தை இழுத்து ஈரமாகவே இருக்கும். ஷெட்டுக்குள் வைத்தாலும் காயாது. அதனால்தான் பூட்டுகிறோம். அந்தக் காரணம் உங்களுக்கு இல்லை, ஓட்டலாம்.

ஆனால் "-2 தானே" என்று ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை விடாதீர்கள். தண்ணீர் உறைந்தால் கிட்டத்தட்ட ஒன்பது சதவீதம் பருக்கும். எஞ்சின் பிளாக் கனமான இரும்பு, இரண்டு மணி நேரத்தில் உறைந்து வெடிக்காது. முதலில் உறைவது ரேடியேட்டரின் மெல்லிய குழாயும், ஹீட்டருக்குள் இருக்கிற குட்டி ரேடியேட்டரான ஹீட்டர் கோரும். கீழ் டேங்க் உறைந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் தண்ணீர் சுற்றாது. வெளியே பனி, உள்ளே ஹெட் கொதிக்கும். வாட்டர் பம்ப் உள்ளே பிடித்திருந்தால் ஃபேன் பெல்ட் வழுக்கிக் கருகும். இன்னொன்று, தெளிந்த வானத்தின்கீழ் வெளியே நிற்கிற வண்டியின் தகடு காற்றைவிடக் குளிர்ந்துவிடும். தெர்மாமீட்டர் 2 டிகிரி காட்டும்போதே பானெட்டில் பனி உறைந்திருப்பது அதனால்தான். கூரை இருந்தால் அந்தக் குளிர்ச்சி பெருமளவு குறையும்.

மறையூர் வேல்
அதற்குக் கூலன்ட்டில் காசைப் போடாமல் ராத்திரி தண்ணீரை இறக்கிவிட்டு, காலையில் வெந்நீர் ஊற்றிக்கொள்ளலாமே? இரண்டு டேப்தான். ரேடியேட்டர் அடியில் ஒன்று, பிளாக் பக்கவாட்டில் ஒன்று.

போடி லேத்
அண்ணே, அதைச் செய்யாதீங்க. முதல் விஷயம், ஹீட்டர் இருக்கிற வண்டியில டேப்பைத் திறந்தா ஹீட்டர் கோர்ல நிக்கிற தண்ணி இறங்காது. ஹோஸைக் கழட்டிக் காத்து அடிச்சாத்தான் வரும். ரெண்டாவது, பிளாக் டேப்புல ஐம்பது வருஷச் சேறு அடைச்சிருக்கும். ரெண்டு சொட்டு விட்டு நின்னா, காலியாயிடுச்சுன்னு நினைச்சுருவோம். கம்பி விட்டுக் குத்தினா சாக்கடைத் தண்ணியாக் கொட்டும். மூணாவது, ஜில்லுனு இருக்கிற வார்ப்பு இரும்புல கொதிக்கிற தண்ணிய ஊத்தினா ஹெட் விரிசல் விடும். நாலாவது, தினம் புதுத் தண்ணின்னா தினம் புது ஆக்சிஜன், புது உப்பு. உள்ள துருவும் காரையும் ஏறிக்கிட்டே இருக்கும்.

கூலன்ட் ஊத்துற முறை: ரெண்டு டேப்பும் திறந்து, ஹீட்டர் ஹோஸ் கழட்டி, தண்ணி தெளிஞ்சு வர்ற வரைக்கும் அலசுங்க. எவ்வளவு இறங்கிச்சோ வாளியில அளந்துக்கங்க. ஆனா மொத்தக் கொள்ளளவும் வாளிக்கு வராது, மூலை முடுக்குல ஒரு லிட்டருக்குமேல உள்ளயே நிக்கும். அதனால ரெடிமிக்ஸ் வாங்காதீங்க, மிச்சத் தண்ணியோட சேர்ந்து நீர்த்துப்போகும். கெட்டிக் கூலன்ட் வாங்கி, மேனுவல்ல போட்டிருக்கிற கொள்ளளவுல சரிபாதியை முதல்ல ஊத்துங்க. மிச்சத்தை டிஸ்டில்டு வாட்டரால நிரப்புங்க. ஹீட்டர் வால்வைத் திறந்து வெச்சு ஓடவிட்டு, காத்துக் குமிழ் நின்னதும் மறுபடி மட்டம் பாருங்க.

வின்னிபெக்வாசி
பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் -37 வரை தாங்கும். தேவிகுளத்துக்கு மூன்றில் ஒரு பங்கே போதும், -17 பக்கம் தாங்கும். ஆனாலும் பாதி போடச் சொல்வேன். துருத்தடுப்பு மருந்தும் அதே கெட்டிக் கூலன்ட்டில்தான் இருக்கிறது, குறைத்து ஊற்றினால் அதுவும் குறையும். முழுக் கூலன்ட் ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம். தனிக் கிளைக்கால் -13 பக்கமே உறையும்.

சரிபார்க்க எளிய வழி: சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால் அளவு எடுத்து, வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் ராத்திரி முழுக்க வையுங்கள். அது -18. காலையில் தண்ணீராகவே ஆடினால் கலவை சரி. கூழாக இருந்தால் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கிறது. கட்டியாகிவிட்டால் கடைக்காரர் கொடுத்தது நிறம் போட்ட தண்ணீர். பாட்டிலில் பெயர் எழுதி வையுங்கள், சிந்தியதைக் கழுவுங்கள். இனிப்பாக இருக்கும், விஷம். நாய் நக்கினால் பிழைக்காது.

வகையையும் பாருங்கள். செம்பு பித்தளை ரேடியேட்டர், ஈயப் பற்றவைப்பு என்பதால் சிலிக்கேட் உள்ள பழைய வகைக் கூலன்ட், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது. ஐந்து ஆண்டு உழைக்கும் ஆர்கானிக் வகையைப் பழைய வண்டியில் ஊற்றினால் பற்றவைப்பும் பழைய கேஸ்கெட்டும் கசிய வாய்ப்புண்டு. நிறத்தை நம்பாதீர்கள், லேபிளைப் படியுங்கள்.

தேவிகுளத்தான்
ஃப்ரீசர் சோதனையை இன்றே செய்துவிடுகிறேன். பெட்ரோல்? டேங்க்கை நிரப்பி வைப்பதா, காலி பண்ணுவதா?

வின்னிபெக்வாசி
நிரப்புங்கள். காலி இடம் இருந்தால் பகல் சூட்டில் காற்று வெளியே போய், ராத்திரி ஈரக்காற்று உள்ளே வரும். டேங்க்கின் மேல்தகடு உள்பக்கம் வியர்க்கும். 95 சதவீதம் நிரப்பி, பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றி, கார்பரேட்டர் வரை போய்ச் சேருமாறு ஐந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துங்கள்.

போடி லேத்
இதுல நான் ஒத்துக்கமாட்டேன். அங்க தேடினா எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைக்கும். இங்க பங்க்ல வர்றது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் தண்ணிய இழுக்கும். குளிர் கூடக் கூட அந்தத் தண்ணியத் தாங்குற சக்தி குறையும். எல்லை தாண்டினா தண்ணியும் எத்தனாலும் தனியாப் பிரிஞ்சு டேங்க் அடியில உக்காந்துக்கும். பெட்ரோல் குழாய் உறிஞ்சுறதும் அடியிலதான். மூணு மாசம் நிக்கிற வண்டின்னா டேங்க்கைக் காலி பண்ணி, கார்பரேட்டர் வறண்டு தானா அணையுற வரைக்கும் ஓடவிட்டு நிறுத்துங்க.

வின்னிபெக்வாசி
காலி டேங்க்கின் உள்பக்கம் வெறும் இரும்பு. அது துருப்பிடித்தால் தூள் நேரே கார்பரேட்டரில் பெட்ரோல் நிற்கிற ஃப்ளோட் சேம்பருக்குப் போகும், ஊசி உட்காராது, பெட்ரோல் வழியும். இ20 கொஞ்சம் தண்ணீரைப் பிரியாமல் தாங்கும், இ10-ஐவிட அதிகமாகவே. மூடி சரியாக இருந்து டேங்க்கும் நிறைந்திருந்தால் மூன்று மாதத்தில் அந்த எல்லையைத் தாண்டுமளவு ஈரம் உள்ளே போகாது.

மறையூர் வேல்
நான் சொன்ன மாதிரி பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஓட்டினால் இந்தச் சண்டையே இல்லை. பத்து லிட்டர் ஊற்றி எரித்து, மறுபடி புதிதாக ஊற்றலாம். எப்படியும் பழைய ரப்பர் ஹோஸை மாற்றிவிடுங்கள். இ20-யில் அது உள்ளே ஊறி உரியும். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் வாங்குங்கள். டேங்க்கிலிருந்து பம்ப், பம்ப்பிலிருந்து கார்பரேட்டர் என்று எல்லாத் துண்டையும் ஒரே நாளில்.

போடி லேத்
அது நியாயம். ஓட்டுற வண்டிக்கு ஓட்டுற முறை.

நிறுத்தி எடுக்கிறப்ப ஒரு வேலை. பதினைஞ்சு நாள் நின்னா ஃப்ளோட் சேம்பர் வறண்டிருக்கும், ஆயில் முழுக்கக் கீழ இறங்கியிருக்கும். பம்ப்புல இருக்கிற கை லீவரைப் பத்துப் பதினஞ்சு தடவை அழுத்துங்க, செல்ஃபைப் போட்டு பேட்டரியைச் சாகடிக்காதீங்க. காயில் வயரைக் கழட்டிட்டு, ஆயில் லைட் அணையுற வரைக்கும் செல்ஃப் அடிச்சிட்டு, அப்புறம் வயரை மாட்டி ஸ்டார்ட் பண்ணுங்க. ஆயில் 20டபிள்யூ-50 இங்க போதும். வின்னிபெக்ல அது தேன் மாதிரி நிக்கும், இங்க நிக்காது. ஜிங்க் அதிகம் உள்ளதா வாங்குங்க, இந்த எஞ்சின்ல கேம் மேல டேப்பட் நேரா உரசுது.

ஹேண்ட் பிரேக்கை இழுத்து வெச்சு நிறுத்தாதீங்க, ஷூ டிரம்மோட ஒட்டிக்கும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை.

வின்னிபெக்வாசி
பேட்டரி உறைந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். முழுக்க இறங்கிய பேட்டரியே -8 டிகிரி பக்கம்தான் உறையும், அது தேவிகுளத்தில் வராது. ஆனால் இறங்கிய நிலையில் விட்டால் பிளேட்டில் சல்ஃபேட் கட்டும். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.4-க்குக் கீழே விடாதீர்கள். ஸ்பிட்ஃபயரில் பேட்டரி உட்காரும் பெட்டி பானெட்டுக்குள், எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள பல்க்ஹெட் தகட்டிலேயே இருக்கிறது. அமிலம் ஒரு சொட்டு வழிந்தாலும் அந்தத் தகடு பொத்துப்போகும். கழற்றி எடுத்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் துடைத்து, காய்ந்தபின் பெயின்ட் அடியுங்கள். அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு.

தேவிகுளத்தான்
மூடிவைக்க நீலத் தார்ப்பாய் வாங்கி வைத்திருக்கிறேன். சிமென்ட் தரை காலையில் ஈரமாக இருக்கிறது.

போடி லேத்
தார்ப்பாயைத் திருப்பிக் கொடுத்துருங்க. அது ஆவியை வெளிய விடாது. அடியில இருந்து ஏறுற ஈரம் உள்பக்கம் துளித்துளியா நிக்கும், அதே இடத்துல பெயின்ட்ல கொப்புளம் வரும். பழைய பருத்தி வேட்டி ரெண்டைச் சேர்த்துத் தைச்சுப் போர்த்துங்க. தரைக்குத் தடிமனான பாலிதீன் ஷீட்டை விரிச்சு, மேல பழைய பலகையைப் போட்டு வண்டியை ஏத்துங்க. ஷெட்டோட நாலாவது பக்கத்தையும் இறுக்கி அடைக்காதீங்க, காத்து போகட்டும். வினைல் ஹூடை விடியற்காலைக் குளிர்ல மடக்காதீங்க. பின்பக்க பிளாஸ்டிக் கண்ணாடி மடிப்புல சட்டுனு கீறும். வெயில்ல அரை மணி வெச்சு இளகினதும் மடக்குங்க.

மறையூர் வேல்
வண்டிக்கு அடியில் வேஸ்ட் ஆயில் அடித்தால் துருவே வராதே?

போடி லேத்
வரும் அண்ணே. வேஸ்ட் ஆயில்ல அமிலம் இருக்கு, ரப்பர் புஷ்ஷை ஊற வெச்சுப் பிய்க்கும், தூசி ஒட்டி ஈரத்தைப் பிடிச்சு வெக்கும். கறுப்புத் தார்ப்பூச்சும் அப்படித்தான், வெடிச்சதும் உள்ள தண்ணி போய் வெளிய தெரியாமத் தின்னும். ஸ்பிட்ஃபயருக்கு அடி ட்ரையம்ஃப் ஹெரால்ட் காரோட சேஸிஸ்தான், ஆனா குட்டையாக்கி வெளிப்பக்கச் சட்டத்தை எடுத்துட்டாங்க. அதனால ரெண்டு பக்கமும் கதவுக்குக் கீழ ஓடுற சில் தகடுதான் பலம். அங்க துரு ஏறினா கதவு இடைவெளி மாறும், நடுவுல வண்டியே தொங்கும்.

சில்லுக்கு உள்ள மெழுகு அடிக்கணும். அதை இப்ப தேவிகுளத்துல அடிக்காதீங்க. குளிர்ல மெழுகு விட்ட இடத்துலயே கட்டி நிக்கும், மடிப்புக்குள்ள ஊறிப் போகாது. ஏப்ரல்ல போடிக்கு இறக்கி, வெயில்ல ரெண்டு மணி நேரம் நிறுத்தித் தகடு சுட்டதும் அடிச்சா, ஓட்டை வழியாச் சொட்டுற வரைக்கும் ஓடும். ஒரு பக்கத்துக்கு அரை லிட்டராவது போகும். அதுக்கு முன்னாடி சில் அடியில இருக்கிற வடிகால் ஓட்டையெல்லாம் கம்பியால குத்தித் திறந்து வெச்சுக்கங்க.

போடிமெட்டு இறக்கத்துக்கு முன்னாடி பிரேக் ஆயிலை மாத்திட்டு வாங்க. புது டாட் 4 கொதிக்கிறது 230 டிகிரில. ரெண்டு வருஷம் ஈரம் குடிச்சது 155-லேயே கொதிக்கும். கொண்டை ஊசி வளைவுல பெடல் கடைசி வரைக்கும் போயிரும். முன்பக்க ட்ரன்னியனுக்கு (முன்சக்கரம் திரும்புற அடிமூட்டு) கிரீஸ் அடிச்சிருந்தா அதையும் கழட்டிக் கழுவி ஈபி 90 கியர் ஆயில் ஊத்திட்டு வாங்க. கிரீஸ் இழைக்குள்ள இறங்காம மேலயே நிக்கும், உள்ள தண்ணி போய்த் துருப்பிடிச்சு ஒருநாள் முறியும். நம்ம ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கும் அதே ட்ரன்னியன்தான், கோவைல பழைய பார்ட்ஸ் கடைகள்ல கேட்டுப் பாருங்க. வலது பக்கத்துக்கும் இடது பக்கத்துக்கும் இழை எதிரெதிரா இருக்கும், வாங்குறப்ப திருப்பிப் பார்த்து வாங்குங்க.