புதுப்பிப்பு: ஹைவ் தளத்தில் சேர்ந்த பணத்தை எடுத்துவிட்டேன்

எழுதினால் ஹைவ் என்ற கிரிப்டோ நாணயமாகக் காசு தரும் ஹைவ் தளத்தில் எனக்குச் சேர்ந்தது கணக்கில் தெரிகிறது, வெளியே எடுக்க முடியவில்லை என்று நான்கு மாதம் முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வேலை முடிந்தது.

"எந்தச் சாவியில் உள்ளே போகிறீர்கள்?" என்று கேட்டவர் சொன்னதுதான் சரி. அங்கே சாவி என்றால் கடவுச்சொல் மாதிரி, வேலைக்கு ஒன்றாகத் தனித்தனியாக இருக்கும். நான் போஸ்டிங் சாவியில் இருந்திருக்கிறேன். அதை வைத்து எழுதலாம், மற்றவர் பதிவுகளுக்கு ஓட்டுப் போடலாம்; பணத்தைத் தொட ஆக்டிவ் சாவி வேண்டும். அது பழைய டைரியில் பால் கணக்குக்குக் கீழே கிடந்தது. எல்லாச் சாவியும் தொலைந்திருந்தால் அவ்வளவுதான், புதிதாகத் தர அங்கே ஆள் கிடையாது.

அப்புறம் இன்னொன்று. வருவது முழுவதும் ஹைவ் பவராகவே (தளத்திலேயே பூட்டி வைக்கும் ஹைவ்; நம் ஓட்டுக்கு மதிப்பு தருவது இதுதான்) சேரட்டும் என்று நானே அமைத்து வைத்திருந்தேன். பவர் டவுன், அதாவது பூட்டைத் திறந்து வெளியே எடுக்கச் சொல்லிக் கொடுத்தால் அது 13 வாரத் தவணையாகத்தான் வரும். என் 52 ஹைவ் வாரம் நான்காக வந்தது. இனி எழுதுவதற்கு 50/50 என்று மாற்றிவிட்டேன். பாதி எச்பிடியாக (ஹைவ் தளத்தின் டாலர் மதிப்பையொட்டிய நாணயம்) வரும், அதற்குத் தவணை இல்லை.

எதிர்பாராதது: பவர் குறையக் குறைய என் ஓட்டின் மதிப்பும் தேய்ந்தது. எடுத்த ஹைவை ரூபாய்க்கு விற்றபோது 1% டிடிஎஸ் பிடித்தார்கள். லாபத்துக்கு 30% வரி தனி. கையில் நின்றது ஒரு மாத ரீசார்ஜுக்குக் காணும்.