மாற்றி வாங்கிய விதையில் முளைத்த மிளகாய் எந்த இனம்?

கேள்வி (களுவாஞ்சிக்குடி)
வணக்கம். ஐப்பசியில் அக்கரைப்பற்று அன்பர் ஒருவருக்குப் பயற்றங்காய் விதை கொடுத்து, பதிலுக்குக் கடதாசிச் சரையொன்றில் மிளகாய் விதை வாங்கினேன். சரையில் "கொச்சிக்காய்" என்று மட்டுமே எழுதியிருந்தது. எங்கள் பக்கம் எல்லா மிளகாயும் கொச்சிக்காய்தான். வளவில் வழக்கமாக நடும் எம்.ஐ.2 ரக மிளகாய் பத்து நாளில் முளைத்துவிடும். இது பதினெட்டு நாள் எடுத்தது. இப்போது முழங்காலுக்கு மேல் வளர்ந்து மொட்டு விட்டிருக்கிறது. இலைகள் அகன்று சுருக்கம் விழுந்திருப்பதால், இலைச்சுருள் நோயாக இருந்தால் மற்றச் செடிகளுக்கும் பரவுமே என்று அஞ்சுகிறேன். பிடுங்கிவிடவா?

பதில் (கல்முனை)
பிடுங்க வேண்டாம், தம்பி. இலைச்சுருள் என்றால் குருத்து சிறுத்து, இலையோரம் மேலோ கீழோ மடிந்து, செடி வளராமல் நின்றுவிடும். இலை பெரிதாகவும் பச்சையாகவும் இருந்தால் அந்தச் சுருக்கம் இனத்தின் இயல்பாக இருக்கலாம். ஒரு கணுவில் எத்தனை பூ, இதழ் என்ன நிறம், காம்பு பிஞ்சோடு சேரும் இடம் எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

களுவாஞ்சிக்குடி
நன்றி ஐயா. கணுவுக்கு இரண்டு மூன்று பூக்கள் தலைகவிழ்ந்து தொங்குகின்றன. இதழ் பச்சை கலந்த வெள்ளை, மகரந்தப் பை ஊதா. இன்று காலை சுண்டங்காய் அளவில் முதல் பிஞ்சைக் கண்டேன். காம்பு சேரும் இடத்தில், நூலால் இறுக்கிக் கட்டியது போல ஒரு வளையம் இருக்கிறது.

பதில் (கல்முனை)
அந்த வளையந்தான் சாட்சி. இது காப்சிகம் சைனென்ஸ் என்ற மிளகாய் இனம். எம்.ஐ.2 காப்சிகம் அன்னுவம் என்ற வேறு இனம். அதில் பெரும்பாலும் கணுவுக்கு ஒரே பூ, இந்த வளையமும் இராது. 1776இல் ஜாக்கின் என்ற தாவரவியலாளர் இதைச் சீனத்துச் செடி என்று தவறாகக் கருதி, 'சீனத்தது' என்று பொருள்படும் சைனென்ஸ் என்ற பெயரை வைத்தார். உண்மையில் இதன் தாயகம் அமேசான் பக்கம். சிங்களவர் நை மிரிஸ் என்று சொல்வதும் இந்த இனமே.

ரகத்தைக் காய் பழுத்த பிறகே சொல்லலாம். இதே இனத்து ஹபனேரோ ரகம், உறைப்பை அளக்கும் ஸ்கோவில் அலகில் 100,000 முதல் 350,000 வரை உறைக்கும். ஆகவே முதல் பழத்தில் ஒரு சிறு துண்டை மட்டும் கறியில் போட்டுப் பாருங்கள், வெட்டிய கையால் கண்ணைத் தொடாதீர்கள். விதைக்கு வேண்டுமானால், தேனீ பக்கத்துச் செடியின் மகரந்தத்தைக் கொண்டுவராதபடி, மொட்டு விரியும் முன்பே மெல்லிய துணிப்பை கட்டுங்கள். விதை மாற்றுகிறவர்கள் சரையில் பழத்தின் நிறத்தையாவது எழுதவேண்டும் என்பது என் நெடுநாள் வேண்டுகோள்.

களுவாஞ்சிக்குடி
நான்கு மொட்டுகளுக்குப் பை கட்டிவிட்டேன், ஐயா. பழுத்ததும் நிறத்தையும் வடிவத்தையும் எழுதுகிறேன்.