புதுப்பிப்பு: ஒரு நிறத்தைத் தேர்ந்தவுடன் மற்ற நிறங்களுக்கு 0 காட்டிய வடிகட்டி சரியாகிவிட்டது

நான் முன்பு கேட்டிருந்தது இதுதான்: தேடல் முடிவுகளின் பக்கவாட்டு வடிகட்டியில் 'சிவப்பு' என்பதைத் தேர்ந்தால், 'நீலம்', 'பச்சை' ஆகியவற்றின் எதிரே 0 என்று வந்து அவை முடங்கிவிடுகின்றன; இரண்டு நிறங்களைச் சேர்த்துத் தேர்வதற்கு வழியே இல்லை. பொறுமையாகப் பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

நிறம், அளவு போன்ற ஒரு பிரிவுக்குரிய எண்ணிக்கையைக் கணக்கிடும்போது அதே பிரிவில் செய்த தேர்வை மட்டும் விலக்கி, ஏனைய பிரிவுகளின் தேர்வுகளை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒருவர் சொன்ன யோசனையே பலித்தது. ஒரே பிரிவுக்குள் 'அல்லது', பிரிவுகளுக்கிடையே 'மற்றும்' என்ற விதி அப்போதுதான் எண்களிலும் சரியாகத் தெரிகிறது. சோலர் என்ற தேடல் மென்பொருளில் வடிகட்டிக்குக் குறிச்சொல் இட்டு விலக்கினால் போதும். நான் பயன்படுத்தும் எலாஸ்டிக்செர்ச் என்ற இன்னொரு தேடல் மென்பொருளில், எல்லாத் தேர்வுகளையும் போஸ்ட் ஃபில்டர் என்ற பின்வடிகட்டிக்கு மாற்றியது மட்டும் போதவில்லை. அது எண்ணிக்கை முடிந்த பின்னரே செயல்படுவதால், அளவுப் பிரிவின் எண்கள் நிறத் தேர்வைக் கணக்கில் கொள்ளவில்லை. ஒவ்வொரு பிரிவின் எண்ணிக்கையையும் பிற பிரிவுகளின் வடிகட்டிகளுக்குள் தனித்தனியே அமைத்த பிறகே கணக்கு நேரானது.

எதிர்பாராதது ஒன்று: எலாஸ்டிக்செர்ச்சின் மதிப்புவாரி எண்ணிக்கை (சிவப்பு, நீலம் போன்ற ஒவ்வொரு மதிப்புக்கும் எத்தனை முடிவுகள் என்பது) இயல்பாக முதல் 10 மதிப்புகளையே தருவதால், தேர்ந்திருந்த அரிய நிறமொன்று பட்டியலிலிருந்தே மறைந்து, அத்தேர்வை நீக்க முடியாமல் போனது. இப்போது தேர்ந்த மதிப்புகளைத் தனியே கேட்டுப் பெற்று எப்போதும் மேலே காட்டுகிறேன். பல நிறங்கள் கொண்ட பொருள் ஒவ்வொரு நிறத்திலும் எண்ணப்படுவதால் கூட்டுத்தொகை மொத்த முடிவுகளைவிட மிகலாம், அது பிழையன்று.